பழைய டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் காமிரா: வாங்கலாமா, வேண்டாமா?

(டில்லியில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியமும் இசையும் ஒலிக்கும் இம்மேடையில் காமிராவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் அடங்கியிருக்கின்றது. நம் காலனி இளைஞர் ஒருவர், சில ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையைக் கொண்டு, பழைய லைக்கா எம்-9 காமிரா ஒன்றை வாங்க விரும்புகின்றார். அதன் விலை லட்சத்தைத் தாண்டுகின்றது. அவர் மனைவியோ, "அத்தொகையில் ஊரிலிருந்து மாமாவையும் அத்தையையும் அழைத்து வந்து, குளிர்காலம் முழுவதும் நம்முடன் வைத்துக்கொள்ளலாமே" என்கின்றார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கின்றது. தீர்ப்பு என்னிடம் வந்தது. என் கருத்தை அவர்களிடம் மட்டும் சொல்லாமல் இங்கே எல்லோர் முன்னும் சொல்ல அவர்களே இசைந்தனர். இதே ஆசை உடையவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் உண்டு என்பதை நான் அறிவேன்.

திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன் அதனால் கழிவது எது, விளைவது எது, பின்னர் நின்று பயன் தருவது எது என்று மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். அந்த மூன்று கேள்விகளையே அளவுகோலாகக் கொண்டு இந்தக் காமிராவை நோக்குவோம். முதலில் விளைவதைப் பார்ப்போம்.

ரேஞ்ச்பைண்டர் என்பது தொலைவு காட்டும் கருவி. காமிராவின் முகப்பில் இரண்டு சிறு சன்னல்கள் இருக்கும். லைக்கா எம் வகையில் அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்பது போல, இவ்விரு சன்னல்களும் இரண்டு பிம்பங்களைத் தருகின்றன. லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, மங்கலான பிம்பம் நகர்ந்து தெளிவான பிம்பத்தின்மீது வந்து படியும். இரண்டும் ஒன்றானால் குறி சரியாயிற்று என்று பொருள். இதில் மின்சார மூளை எதுவும் இல்லை. கண்ணும் கையும் ஒரு நெம்புகோலுமே வேலை செய்கின்றன.

1925-ஆம் ஆண்டு ஜெர்மனியில் லைக்கா காமிரா விற்பனைக்கு வந்தது. 1954-இல் வந்த எம்-3 என்னும் மாதிரி, லென்ஸைப் பூட்டும் புதிய முகப்பொன்றை அறிமுகம் செய்தது. 2022-இல் வெளிவந்த எம்-11 வரையில் அதே முகப்புத்தான் தொடர்கின்றது. 1954-இல் செய்த லென்ஸை இன்றைய உடலில் பூட்டிப் படமெடுக்கலாம் என்றால், அதன் உறுதியை நீங்களே உணரலாம். பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன் 1948 ஜனவரியில் இதே டில்லி மாநகரில், அண்ணல் காந்தியடிகளின் இறுதி நாட்களையும் அவருடைய இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தது லைக்காவைக் கொண்டுதான். கண்ணை உறுத்தாத சிறிய உருவம், மெல்லிய ஓசை, சட்டத்துக்கு வெளியே நடப்பதையும் காட்டும் சன்னல் ஆகிய இம்மூன்றும் மனிதரை அவர் இயல்பிலேயே படமெடுக்க உதவுகின்றன. இதுதான் நம் இளைஞருக்குக் கிடைக்கக்கூடிய விளைவு. அது சிறிதன்று.

ஆனால் அவர் வாங்க விரும்புவது பிலிம் காமிரா அன்று. டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டரின் வரலாறு மிகக் குறுகியது. முதன்முதலில் ஜப்பானின் எப்ஸன் நிறுவனம் 2004-இல் ஆர்-டி-1 என்பதைக் கொணர்ந்தது. பிலிம் இல்லாவிடினும், ஒவ்வொரு படத்துக்கும் நெம்பை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டிய விந்தையான காமிரா அது. 2006-இல் லைக்கா எம்-8 வந்தது. 2009-இல் பிலிம் சட்டத்தின் முழு அளவான 24 × 36 மில்லிமீட்டர் சென்சாருடன் எம்-9 வந்தது. எம்-8, எம்-9 இரண்டிலும் இருப்பது கோடக் நிறுவனம் செய்த சி.சி.டி. வகைச் சென்சார்.

இனிக் கழிவதைக் காண்போம். இதனை விளக்க ஒரு சிறு காரணத்தைச் சொல்ல வேண்டும். ரேஞ்ச்பைண்டர் காமிராவில் இடையே கண்ணாடிப் பலகை இல்லாததால், லென்ஸின் பின்புறம் பிலிமுக்கு மிக அருகில் நிற்கும். எனவே ஓரங்களில் ஒளி சாய்ந்து விழும். பிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும், சென்சார் பொறுக்காது. அந்தச் சாய்வைச் சமாளிக்க, சென்சாரின்மேல் இடும் காப்புக் கண்ணாடியை மெல்லியதாக வைக்க வேண்டியிருந்தது. எம்-8-இல் அது அரை மில்லிமீட்டர்தான். விளைவு என்ன? கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே புகுந்து, கறுப்பு நைலான், பாலியஸ்டர் துணிகளையெல்லாம் கருஞ்சிவப்பாகக் காட்டிவிட்டது. லென்ஸின் முன்னால் தனி வடிகட்டி போட வேண்டியதாயிற்று. வாங்கியவர்களுக்கு நிறுவனமே இரண்டு வடிகட்டிகளை இலவசமாக அளித்தது.

எம்-9-இல் இக்குறையைத் தீர்க்க, அகச்சிவப்பை உறிஞ்சும் வேறுவகைக் கண்ணாடியைச் சற்றே தடிப்பாக இட்டனர். நிறம் சீராயிற்று. ஆனால் அந்தக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல, காற்றின் ஈரத்தால் அதில் அரிப்பு ஏற்பட்டுப் புள்ளிகள் தோன்றலாயின. 2014-இல் நிறுவனம் இதனை ஒப்புக்கொண்டு, புதிய வகைக் கண்ணாடியுள்ள சென்சாரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. 2017-இல் அந்த இலவசம் முடிவுக்கு வந்தது. இதற்கிடையில் கோடக்கின் சென்சார்த் தொழில் 2011-இல் வேறு கைக்கு மாறி, 2014-இல் மீண்டும் கைமாறியிருந்தது. 2020-இல், மாற்றுவதற்கு இனிச் சென்சாரே இருப்பில் இல்லை என்று லைக்கா அறிவித்தது. மேல்கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் தனிப்பட்ட பணியாளர் சிலர் வெளிநாட்டில் உண்டு. ஆனால் போக்குவரத்துச் செலவு, சுங்கம், இழப்பின் அச்சம் ஆகியவற்றையெல்லாம் நாமே தாங்க வேண்டும்.

அன்பர்களே, நான் சொல்ல விரும்புவது இதுதான். வீணையில் தண்டும் குடமும் தலைமுறை தலைமுறையாக நிற்கும். தந்தி அறுந்தால் வேறு தந்தி பூட்டுவோம். வீணை மீண்டும் பாடும். பிலிம் காமிராவில் பிலிம்தான் தந்தி. ஆகவேதான் எம்-3 இன்றும் புதிதுபோல் படமெடுக்கின்றது. டிஜிட்டல் காமிராவிலோ தந்தி மரத்தோடு மரமாகப் பதிந்துவிட்டது. தந்தி அறுந்தால் வீணையே ஊமையாகும். "லைக்கா தலைமுறைக்கு நிற்கும்" என்ற புகழ் பிலிம் உடலுக்கும் லென்ஸுக்கும் உரியது. பழைய டிஜிட்டல் உடலுக்கு அதனை அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. நம் இளைஞர் ஒரே பெயரைக் கண்டு இரண்டையும் ஒன்றாக எண்ணினார். விற்பவரும் அவ்வெண்ணத்தைக் கலைப்பதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. சி.சி.டி. சென்சாரின் நிறத்துக்கு ஈடில்லை என்று பலர் சொல்கின்றனர். எம்-9-இன் நிறம் அழகானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிறத்தை ஆக்குவது சென்சாரின் வகை மட்டுமன்று. அதன்மேல் உள்ள வண்ண வடிகட்டியும், பின்னர்க் கணினியில் நிகழும் பக்குவமும் அதில் பெரும் பங்கு கொள்கின்றன. இன்றைய காமிராவின் படத்தையும் பொறுமையுடன் அந்நிறத்துக்கு மிக அருகில் கொண்டுவரலாம்.

எதைப் படமெடுக்கப் போகின்றோம் என்பதையும் எண்ண வேண்டும். நம் ஆண்டு விழா மேடையில் குழந்தைகள் ஆடும் பரதத்தைப் பின்வரிசையிலிருந்து எடுக்க வேண்டுமா? இக்காமிரா உதவாது, 135 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட லென்ஸுக்கு அதில் சட்டக்கோடே இல்லை. மங்கிய வெளிச்சத்தில் உணர்வுத்திறனை 800-க்கு மேல் உயர்த்தினால் படத்தில் மணல் தூவினாற்போல் பொரிகள் தோன்றும். குழந்தையின் காதுத் தோட்டை அண்மையில் எடுக்க வேண்டுமா? 70 சென்டிமீட்டருக்கு அருகே அது குறி கொள்ளாது. ஆனால் பகல் வெளிச்சத்தில் கடைத்தெரு, முற்றத்தில் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள், பந்தியில் பரிமாறும் கைகள் ஆகியவற்றுக்கு அதனினும் இனிய துணை அரிது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் வாங்கத் துணிபவர்கள், சாந்தனி சவுக்கின் கூச்சா சௌத்ரி காமிராச் சந்தைக்குப் போனாலும் சரி, தனியார் ஒருவரிடம் வாங்கினாலும் சரி, நான்கு சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டாம்.

முதலாவது, லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணுக்குச் சுருக்கி, வெண்சுவரையோ தெளிந்த வானத்தையோ குறி தவறவிட்டு எடுத்து, படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊதினால் நீங்கும் புள்ளி தூசு. நீங்காமல், சுற்றிலும் ஒளிவளையத்துடன் நிற்கும் புள்ளி அரிப்பு. இரண்டாவது, தொலைவில் உள்ள மின்கம்பத்தை நோக்கி லென்ஸைக் கடைசி வரை திருப்புங்கள். இரு பிம்பங்களும் ஒன்றாகவேண்டும். பிறகு துவாரத்தை முழுதும் திறந்து, சாய்த்து வைத்த செய்தித்தாளில் ஒரு வரியைக் குறிவைத்து எடுங்கள். அந்த வரியே தெளிவாக விழவேண்டும். சிறு இடியும் இந்தக் கருவியைப் பிசகச் செய்யும். பிலிமில் மறைந்துபோகும் பிசகு டிஜிட்டலில் வெளிப்பட்டுவிடும். மூன்றாவது, பாட்டரி, சார்ஜர், எல்லா ஷட்டர் வேகங்கள், பின்புறத் திரை ஆகியவற்றைப் பாருங்கள். எம்-8-இன் திரையில் காப்பி சிந்தியது போன்ற கறை படர்வது பலரும் அறிந்த குறை. நான்காவது, சென்சார் மாற்றப்பட்டது என்று விற்பவர் சொன்னால், பழுது பார்த்ததற்கான காகிதத்தைக் கேளுங்கள். காகிதம் இல்லையேல், மாற்றப்படவில்லை என்றே கொண்டு விலை பேசுங்கள்.

இனி மூன்றாம் கேள்வி: பின்னர் நின்று பயன் தருவது எது? லென்ஸ் நிற்கும். ஈரமும் பூஞ்சையும் அணுகாமல் காத்தால், அது நம் பேரன் கைக்கும் போகும். விலையும் பெரிதும் குறையாது. உடல் நிற்கும் என்று நம்ப முடியாது. எனவே உடலுக்குக் கொடுக்கும் தொகையைச் செலவாகவே எழுதுங்கள், சொத்தாக எழுதாதீர்கள். ஒருநாள் காலையில் அது உயிர்விட்டால், அன்று அடுப்பு எரிவதிலும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திலும் குறை நேரக்கூடாது. அந்த அளவுக்குள் அடங்கும் தொகையானால், ஆசைக்காக வாங்குவதில் குற்றமொன்றும் இல்லை. நாதசுரம் கேட்க நாம் செலவிடுவதில்லையா? இன்பத்துக்கும் வீட்டுக் கணக்கில் ஓர் இடம் உண்டு.

நம் இளைஞரின் நிலையை விசாரித்தேன். எம் முகப்பு லென்ஸ் ஒன்றும் அவரிடம் இல்லை. எனவே உடலை வாங்கினால் செலவு அதோடு நிற்காது. ஆனால் கண்ணாடிப் பலகை இல்லாத இன்றைய காமிரா ஒன்று ஏற்கெனவே அவர் கையில் இருக்கின்றது. ஆதலின் நான் சொன்னது இது: இவ்வாண்டு எம்-9 வேண்டாம். ஜப்பானில் கோசினா நிறுவனம் போக்ட்லாண்டர் என்ற பெயரில் செய்யும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் பழையதாக வாங்குங்கள். இடை வளையம் ஒன்றைச் சேர்த்து, இருக்கின்ற காமிராவிலேயே பூட்டுங்கள். அகலக் கோண லென்ஸானால் ஓரங்கள் குழையக்கூடும். 50-இல் அத்தொல்லை குறைவு. ஓராண்டு முழுவதும் அந்த ஒரே லென்ஸை வைத்து, கையாலேயே குறி திருப்பிப் பழகுங்கள். இரு பிம்பங்கள் இணையும் இன்பம் அதில் கிட்டாது என்பது மெய்தான். ஆனால் பொறுத்து நின்று பார்க்கும் பழக்கம் கிட்டும். ஓராண்டுக்குப் பின்னும் ஆசை தணியாவிடில், அப்போது உடலைத் தேடலாம், லென்ஸ் வீணாகாது.

மீந்த தொகையில் பெற்றோரைக் குளிர்காலத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்றேன். படமெடுக்க அவர்களைவிட நல்ல முகங்கள் உங்களுக்கு வேறெங்கே கிடைக்கும்? நம்மில் பலர் ஊரை விட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியிலும் கைப்பேசியிலும் ஆயிரம் படங்கள் உறங்குகின்றன. பெற்றோரின் படம் காகிதத்தில் பத்துக்கூட இல்லாத வீடுகளை நான் அறிவேன். எந்தக் காமிராவால் எடுத்தாலும், அவற்றில் இருபதையாவது அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டி, ஊர்ப் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.

தம்பதியர் இருவரும் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டனர். மார்கழியில் பெரியவர்கள் டில்லிக்கு வருகின்றனர்.