கர்ப்பிணிகளும் இரும்புச் சத்து மாத்திரையும்



1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்தைச் சேர்ந்த ஊர் சத்தியவேடு. இன்று அது திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றது. அவ்வூர்த் தமிழர், வாசற்படியை விட்டு இறங்காமலே வெளிமாநிலத்தவராயினர்! அங்குள்ள கர்ப்பிணிக்கும், மும்பையிலோ தில்லியிலோ குடியேறியுள்ள நம் பெண்களுக்கும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் அளிக்கப்படுவது ஒரே சிவப்பு மாத்திரைதான். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதந்தொட்டு நாள்தோறும் ஒன்றாக 180 நாட்கள் உண்ண வேண்டும்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றவர்கள். அங்ஙனமிருந்தும் மாத்திரை பல வீடுகளில் அரிசிப் பானைக்குப் பின்னே உறங்குகின்றது. குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற அச்சம் ஒரு காரணம். இரும்பிற்கும் குழந்தையின் நிறத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கறுப்பது மலம் மட்டுமே, அதனால் தீங்கில்லை.

குமட்டலும் மலச்சிக்கலும் மெய்யான தொல்லைகள். இவற்றுக்கு அஞ்சியே சிலர் கடையில் விலையுயர்ந்த மருந்தை நாடுகின்றனர். பெரஸ் சல்பேட், பெரஸ் பியூமரேட், பெரஸ் குளுக்கோனேட் ஆகிய மூன்றும் பழைய உப்புக்கள். 200 மில்லிகிராம் பியூமரேட்டில் சுமார் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. 300 மில்லிகிராம் குளுக்கோனேட்டிலோ 35தான். ஆகவே குளுக்கோனேட் வயிற்றுக்கு இதமாகத் தோன்றுவதில் பாதி, இரும்பு குறைந்திருப்பதன் பயனே. பாலிமால்டோஸ் என்னும் கூட்டுப்பொருள் குமட்டலைக் குறைக்கின்றது. ஆனால் இரும்பு உடலிற் சேரும் அளவில் ஆய்வுகள் ஒருமுகப்படவில்லை. பிஸ்கிளைசினேட் நம்பிக்கை தருவது. டென்மார்க்கில் 80 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், அதன் 25 மில்லிகிராம், சல்பேட்டின் 50 மில்லிகிராமுக்கு ஈடாக நின்றது; வயிற்றுத் தொல்லையும் குறைந்தது. எனினும் 80 பேர் சிறு தொகையே. விலை மலிவு என்பதற்காகச் சல்பேட்டைக் கருவுக்குக் கேடானதென எண்ணுவதற்கு ஆதாரமில்லை என்பதே நம் கருத்து.

குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். காப்பி, தேநீர், பால் ஆகியவற்றோடு சேர்த்து உண்ணலாகாது. சுண்ணச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இரும்பு சேரத் துணைபுரியும். தொல்லை நீடிப்பின் நிறுத்திவிடாது மருத்துவரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ளல் தகும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாத்திரையை மட்டும் நம்பியிராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. அச்சிவப்பு மாத்திரைக்குச் சர்க்கரைப் பூச்சு உண்டு. குழந்தைக்கு அது மிட்டாய். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை பத்து மாத்திரைகளை விழுங்கினால் உயிருக்கே ஊறு நேரலாம். வாந்தி எடுத்தபின் குழந்தை தெளிந்ததுபோலச் சில மணி நேரம் தோன்றும். அதைக் கண்டு ஏமாறலாகாது. மிஞ்சிய மாத்திரை அட்டையையும் கையிலெடுத்துக்கொண்டு அந்நேரமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அட்டையில் அச்சிட்ட மொழி நமக்குப் புரியாவிடினும் மருத்துவருக்குப் புரியும்.