இரண்டு கையிலும் பாருங்கள்



பொறியியல் படித்தவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். குழாயும் அழுத்தமும் நம்ம பாடம்தானே, அந்த உரிமையில் பேசுகிறேன்.

நாங்குநேரியில் என் பெரியப்பா ஒருநாள் காலையில், "நெஞ்சைக் கிழிக்க மாதிரி இருக்குடே, முதுகுக்குப் போகுது" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயு என்று சோடா கொடுத்தோம். பிறகு காட்டிய இடத்தில் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் மகாதமனி கிழிந்திருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சைக்கு மதுரை போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மகாதமனி என்பது இதயத்திலிருந்து புறப்படும் மெயின் குழாய். அதன் சுவர் மூன்று அடுக்கு. நாள்பட்ட ரத்தக்கொதிப்பால் உள்ளடுக்கு கிழிந்தால், ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உரித்துக்கொண்டே போகும். இதயத்தை ஒட்டிக் கிழிந்தால், முதல் இரண்டு நாளில் சிகிச்சையில்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு ஒருவர், இருவர் இறப்பார்கள் என்பது மருத்துவ நூல்களின் கணக்கு. 2024 அக்டோபரில் நடிகர் ரஜினிகாந்துக்குச் சென்னையில் மகாதமனி வீக்கத்தை, அறுவையில்லாமல் ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்தார்கள். வீக்கமாக இருக்கும்போதே கண்டால் அப்படி முடியும். கிழிந்துவிட்டால் மணிக்கணக்குதான்.

உயிருக்கு ஆபத்தான நெஞ்சு வலியில் மாரடைப்புதான் மிக அதிகம். அதற்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். கிழிந்த குழாய்க்கு அதே மருந்து ஆபத்து. எனவே பிரித்தறிவது முக்கியம்.

ஒரே மெயினிலிருந்து பிரியும் இரண்டு கிளையில் ஒன்றில் மட்டும் அழுத்தம் குறைந்தால் நாம் எங்கே பார்ப்போம்? அந்தக் கிளையிலும், அது மெயினிலிருந்து பிரியும் இடத்திலும்தானே! அதேபோல இரண்டு கையிலும் பி.பி. எடுத்து, 20-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சந்தேகம் வரணும். வித்தியாசம் இல்லாததாலேயே நோய் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் உறுதி சொல்லும்.

நாங்குநேரியிலிருந்து பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நாலுவழிச் சாலை இருக்கு, 108 இருக்கு. எங்கள் வீட்டில் நேரம் போனது சோடாவில்தான். திடீரென்று கிழிக்கிற வலி வந்தால் உடனே கிளம்புங்கள். வலி எப்போது, எப்படித் தொடங்கியது என்பதை நோயாளி சொன்ன வார்த்தையிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். "ரெண்டு கையிலும் பி.பி. பாருங்க சார்" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று. பெரியப்பா, "சரியாயிட்டுடே" என்று பி.பி. மாத்திரையை நிறுத்தியிருந்தார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊருக்குத் திரும்பியதும் அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை திறந்து பாருங்கள்.