கணக்குத் தாள் முடிந்த அன்று
(தோட்டப் பெற்றோரும் உயர்தர மாணவரும் கூடிய கூட்டத்தில், கல்முனைக் கரையோரக் கணித ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நாங்கள் கடற்கரை ஊர்க்காரர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறவர்கள். எங்களுக்கு மீனும் நெல்லும் கைத்தறியும், உங்களுக்குக் கொழுந்து. ஆனால் உயர்தரப் பரீட்சையில் இரண்டு இடத்துப் பிள்ளைகளுக்கும் வருவது ஒரே வினாத்தாள்தான். அந்தத் தாளை எழுதிவிட்டு வெளியே வந்ததும் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தோம்.

இணைந்த கணிதம் முதலாம் தாள் முடிகிற நேரம் எங்கள் ஊரில் பரீட்சை மண்டப வாசலுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகள் உடனே வீட்டுக்குப் போகமாட்டார்கள். மதிலோரம் கூடி நின்று, "மச்சான், அஞ்சாவதுக்கு என்ன வந்திச்சு?", "மூணு", "எனக்கு மைனஸ் மூணுல்ல வந்திச்சு!" என்று விடை ஒத்துப் பார்ப்பார்கள். ஒருவன் முகம் மலரும், ஒருவன் முகம் செத்துப்போகும். வீட்டுக்குப் போனதும் "எல்லாம் போச்சு வாப்பா" என்பான். சோறு இறங்காது. அதோடு மனம் விட்டு, இரண்டாம் தாளுக்கே போகாமல் நின்ற பிள்ளைகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம். உங்கள் பக்கமும் இது நடக்கும் என்றுதான் நினைக்கிறோம்.

அந்தத் தாளுக்குப் புள்ளி எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும். இணைந்த கணிதத்தில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். ஒவ்வொரு தாளிலும் முதற் பகுதியில் 10 சிறு வினாக்கள். எல்லாவற்றுக்கும் விடை எழுத வேண்டும். ஒன்றுக்கு 25 புள்ளி. அடுத்த பகுதியில் 7 பெரிய வினாக்கள். 5 மட்டும் எழுதினால் போதும். ஒன்றுக்கு 150 புள்ளி. மொத்தம் 1000. அதை நூறுக்குச் சுருக்கி, இரண்டு தாளுக்கும் சராசரி எடுக்கிறார்கள். இப்போது நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு சிறு வினா முழுவதும் பிழைத்தாலும் அந்தத் தாளில் நூற்றுக்கு இரண்டரைதான் போகும். பாடத்தின் முடிவில் ஒன்றேகால்தான்.

அந்த இரண்டரையும் முழுதாகப் போவதில்லை. இது புள்ளடி போடுகிற தாள் அல்ல. செய்கைக்குப் படிப்படியாகப் புள்ளி உண்டு. சமன்பாட்டைச் சரியாக எழுதியதற்கு ஒரு பங்கு, பெறுமானத்தைப் பிரதியிட்டதற்கு ஒரு பங்கு. கடைசி விடைக்கு உரியது அதில் ஒரு துண்டுதான். வாசலில் நிற்கிற கூட்டாளிக்குத் தெரிவதோ கடைசி விடை மட்டும்.

இன்னொன்று. ஒருவனுக்கு 1/√2, மற்றவனுக்கு √2/2 என்று வந்தால், இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். இரண்டும் 0.707 தான்! அரை ரூபாய் என்றாலும் ஐம்பது சதம் என்றாலும் காசு ஒன்றுதானே.

அடுத்தது இசட் புள்ளி. 2001 முதல் பல்கலைக்கழக அனுமதி இதை வைத்துத்தான் நடக்கிறது. இதைக் கொழுந்து எடுப்பவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது சுகம். வறட்சி மாதத்தில் மலை முழுக்க ஆளுக்கு 12 கிலோ எடுக்கும்போது ஒரு அக்கா 18 கிலோ எடுத்தால், அவர் கைகாரி. கொழுந்து குவியும் மாதத்தில் எல்லோரும் 25 எடுக்கும்போது அதே 18 பின்தங்கல். இசட் புள்ளியும் அப்படித்தான். உங்கள் பிள்ளையின் புள்ளி, அந்தப் பாடம் எழுதிய எல்லோரின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்கிறார்கள். எல்லோருடைய புள்ளியும் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறார்கள். ஆகவே தாள் கடினம் என்றால் உங்கள் பிள்ளைக்கு மட்டும் நட்டமில்லை. சராசரியும் இறங்கும்.

மாவட்டமும் இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. எங்கள் அம்பாறையும் உங்கள் நுவரெலியா, பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். இத்தனையும் சேர்ந்து தீர்மானிக்கிற ஒன்றை, வாசலில் நிற்கிற நாலு பிள்ளைகள் எப்படிச் சொல்ல முடியும்?

2024 நவம்பர் 25இல் தொடங்கிய பரீட்சை, வெள்ளத்தால் 27ஆம் திகதி முதல் ஒரு கிழமை நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4இல் திரும்பத் தொடங்கியது. எங்கள் கரையோரம் தண்ணீரில் கிடந்த நாட்கள் அவை. அப்படி இடைவெளி வரும்போது முடிந்த தாளையே நினைத்துக்கொண்டிருந்தால், வரப்போகிற தாள் என்னாவது?

பெற்றோரே, உங்களிடம் கேட்பது மூன்று காரியம்.

ஒன்று, தாள் முடிந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை சரி?" என்று கேட்காதீங்க. "சாப்பிட்டியா?" என்று கேளுங்க. பக்கத்து லயத்துப் பிள்ளையோடு ஒப்பிடாதீங்க.

இரண்டு, எவ்வளவு அழுதாலும் மீதித் தாள்களுக்கு அனுப்புங்க. மூன்று பாடமும் சித்தியடையாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. ஒரு தாளை விட்டால் எழுதிய மற்றத் தாள்களும் வீண்தான்.

மூன்று, பெறுபேறு வருமுன் "இவனுக்குப் படிப்பு சரிவராது" என்று முடிவு கட்டி, கொழும்புக் கடைக்கு நிரந்தரமாக அனுப்பிவிடாதீங்க. பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை பரீட்சை எழுதலாம்.

தம்பி தங்கைமாரே, விடை ஒத்துப் பார்ப்பதே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாத் தாளும் முடிந்த பிறகு வினாத்தாளைக் கொண்டுபோய் ஆசிரியரோடு உட்கார்ந்து, செய்கையை வரி வரியாகப் பாருங்கள். திரும்ப எழுத நேர்ந்தால் அது பெரிய உதவி.

எங்கள் கரையில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1996இல் அது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. இப்போது அங்கே பொறியியல் பீடமும் உண்டு. மலையகப் பிள்ளைகளும் அங்கே வந்து படிக்கலாம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. உங்கள் பத்தனையில் ஸ்ரீபாத, எங்கள் பக்கம் அட்டாளைச்சேனை என்று கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. அம்பாறையில் ஹாடி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இவற்றுக்கும் உயர்தரப் பெறுபேறு வேண்டும். எல்லாத் தாளையும் எழுதி முடித்த பிள்ளைக்குத்தான் அது கிடைக்கும்.

இந்த வருடம் உங்கள் தோட்டத்தில் உயர்தரம் எழுதுகிற பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். கடைசித் தாள் முடியும்வரை அந்தப் பிள்ளையின் மனத்தை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிக் கொடுங்கள்.