யார் கையில் துப்பாக்கி?

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் துணுக்குறும் உள்ளம் நம் உள்ளம். தோட்டாவை நம்பியல்ல, பேச்சை நம்பி, எழுத்தை நம்பி, வாக்குச் சீட்டை நம்பி வளர்ந்தவர்கள் நாம். அப்படிப்பட்ட உங்கள் முன்னே நின்று, அமெரிக்க நாட்டிலே சாதாரணக் குடிமகன் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்காக வாதாடப் போகிறேன் என்றால், "இவனுக்கு என்ன வந்தது?" என்று கேட்கத் தோன்றும். கேளுங்கள். கேட்டுவிட்டு, என் விடையையும் கேளுங்கள்.

அந்த உரிமையை எதிர்ப்போர் அறிவிலிகள் அல்லர்; ஈர நெஞ்சினர். 2012ஆம் ஆண்டு சாண்டி ஹூக் பள்ளியிலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதைக் காட்டுகிறார்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் மாண்டோர் 48,000 பேருக்கு மேல் என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்தக் கணக்கு பொய்யல்ல; மாண்டோரிலே பாதிக்கு மேற்பட்டவர்கள் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்பதும் பொய்யல்ல. அவர்கள் வடிக்கும் கண்ணீருக்குத் தலை வணங்குகிறேன். ஆனால், "பறித்துவிடு துப்பாக்கியை" என்று முழங்குகிறார்களே, அவர்களை நோக்கி இரண்டு கேள்விகள் கேட்கிறேன். பறிப்பது யாரிடமிருந்து? பறிப்பவர் யார்?

விடையை நான் சொல்ல வேண்டாம். அமெரிக்க வரலாறு சொல்லும்.

ஆயுதம் வைத்துக்கொள்வது மக்களின் உரிமை என்று 1791ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் கூறிற்று. மக்கள் என்றால் யார்? 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் வழக்கிலே தலைமை நீதிபதி டானி விளக்கம் தந்தார். கறுப்பரைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன நேரிடும் என்று பட்டியலிட்டார். தடையின்றி ஊர் ஊராகப் போவார்கள், பொதுக்கூட்டம் போடுவார்கள், போகுமிடமெல்லாம் ஆயுதம் தாங்குவார்கள்! ஆகவே அவர்கள் குடிமக்கள் அல்லர் என்று முடித்தார். பேச்சுரிமையும் கூட்டமும் துப்பாக்கியும் ஒரே மூச்சில் மறுக்கப்பட்டன. அடிமை வைத்திருந்தவனுக்குத் தெரிந்திருந்தது, எந்தெந்த உரிமைகள் ஒன்றுக்கொன்று உறவு என்று!

உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை விலங்கு உடைந்தது. உடைந்த அதே 1865ஆம் ஆண்டிலே மிசிசிப்பி மாநிலம் சட்டம் செய்தது, விடுதலை பெற்ற கறுப்பர் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் என்று. உரிமம் தருபவர் யார்? நேற்றுவரை எசமானர்களாக இருந்த வெள்ளையரின் ஆட்சிக் குழு! 1873ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்துக் கோல்ஃபாக்ஸ் ஊரிலே, நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை வெள்ளையர் கும்பல் சூழ்ந்து தாக்கியது, சரணடைந்தோரையும் கொன்றது. மாண்டவர் பலர். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. கும்பல் பறித்த உரிமைக்கு மத்திய அரசு பொறுப்பல்ல என்று 1876ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கொலைகாரர் வெளியே வந்தனர்.

அந்த இருட்டிலேதான் ஐடா வெல்ஸ் என்ற வீரப் பெண்மணி, பத்திரிகை ஆசிரியை, 1892ஆம் ஆண்டு எழுதினார்: சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பைத் தர, ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கி இருக்கட்டும் என்று. வெறிபிடித்தவரா அவர்? அல்ல. தம் நண்பர்களைக் கும்பல் கொன்ற துயரைச் சுமந்தவர். அதைக் கண்டித்து எழுதியதற்காகத் தம் அச்சகத்தையே பறிகொடுத்தவர்.

"பழங்கதை" என்பார்கள். சரி, பக்கத்தில் வருவோம். 1956ஆம் ஆண்டு சனவரித் திங்கள். மாண்ட்கோமரி நகரிலே பேருந்துப் புறக்கணிப்புப் போர். மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது; உள்ளே மனைவியும் கைக்குழந்தையும்! கிங் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். நாடகக்காரன் நான்; அந்த அலுவலகக் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

"எதற்கு உரிமம்?"

"என் வீட்டிலே குண்டு விழுந்தது, ஐயா."

"தகுந்த காரணம் இருக்கிறதா?"

அந்தக் "தகுந்த காரணம்" என்பது இருக்கிறதே, தோழர்களே, அதை அளக்கும் கோல் எவன் கையில் இருக்கிறதோ, அவன் நிறமே சட்டத்தின் நிறம்!

"கிங் பிறகு துப்பாக்கியை ஒதுக்கிவிட்டாரே" என்பார்கள். ஆமாம், ஒதுக்கினார்; அறவழியிலே நின்றார்; உலகம் அவரை வணங்குகிறது. துறப்பது வேறு, பறிகொடுப்பது வேறு. துறந்தவனுக்குப் பெயர் துறவி. பறிகொடுத்தவனுக்குப் பெயர் அடிமை. அந்த அறப்போருக்குள்ளேயே இன்னொரு வரலாறும் உண்டு. 1964ஆம் ஆண்டு லூசியானாவின் ஜோன்ஸ்பரோ ஊரிலே, உழைப்பாளிகளான கறுப்பர்கள், அவர்களிலே பலர் போர்வீரராகப் பணிபுரிந்தவர்கள், பாதுகாப்புப் படையொன்று அமைத்தனர். பகலிலே அறப்போர் நடத்திய தொண்டர்கள் இரவிலே உறங்கினர்; துப்பாக்கி ஏந்திய அண்டைவீட்டார் விழித்திருந்தனர். கு க்ளக்ஸ் கிளான் கூட்டத்தின் மிடுக்கு அங்கே குறைந்தது.

கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே அப்போது பொது இடத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வது சட்டப்படி குற்றமல்ல. 1966ஆம் ஆண்டு தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர், துப்பாக்கி ஏந்தி, கறுப்பர் தெருக்களிலே காவலர்களின் நடத்தையைக் கண்காணித்தனர். உடனே பாய்ந்து வந்தது மல்ஃபோர்டு சட்டம்! 1967ஆம் ஆண்டு அதிலே கையெழுத்திட்ட ஆளுநர், துப்பாக்கி உரிமைக்காரர்கள் பிற்காலத்தில் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடிய ரொனால்டு ரீகன். வெள்ளையன் ஏந்தியபோது விடுதலையின் சின்னம். கறுப்பன் ஏந்தியதும் அமைதிக்குக் கேடு!

"காவலர் இருக்க, குடிமகனுக்கு எதற்குத் துப்பாக்கி?" என்பது அடுத்த கேள்வி. காவலர் இருக்கிறார், கடமை இருக்கிறதா? 1999ஆம் ஆண்டு கொலராடோவின் காசில் ராக் நகரிலே, நீதிமன்றம் அணுகக் கூடாதென்று தடுத்திருந்த கணவன், மூன்று பெண் குழந்தைகளைக் கொண்டுபோய்விட்டான். தாய் காவல் நிலையத்திடம் மீண்டும் மீண்டும் மன்றாடினாள். குழந்தைகள் பிணமாயினர். அந்தத் தடையுத்தரவைக் காவலர் நிறைவேற்றியே தீரவேண்டும் என்று கேட்கும் அரசியல் சட்ட உரிமை அவளுக்கு இல்லையென்று 2005ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. 2022ஆம் ஆண்டு டெக்சாசின் உவால்டே பள்ளியிலே 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். துப்பாக்கி தாங்கிய காவலர் நூற்றுக்கணக்கில் திரண்டும், கொலைகாரனை எதிர்கொள்ள 77 நிமிடங்கள் ஆயின. காப்பாற்றும் கடமை எனக்கில்லை, காத்துக்கொள்ளும் உரிமை உனக்கில்லை என்றால், ஏழை எங்கே போவான்?

செல்வன் மதில் கட்டுவான். சம்பளம் கொடுத்துக் காவலாள் வைப்பான். சிகாகோ நகரத்து ஓடிஸ் மெக்டொனால்டு என்ன செய்வார்? எழுபது வயதைத் தாண்டிய கறுப்பர், ஓய்வுபெற்ற தொழிலாளி, திருடர் பலமுறை புகுந்த வீடு. நகரமோ 1982ஆம் ஆண்டு முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டிருந்தது. வழக்குத் தொடுத்தார் முதியவர். 2010ஆம் ஆண்டு வென்றார். நியூயார்க்கிலே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த உரிம முறை 2022ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்தபோது, அதை வீழ்த்தும்படி கேட்டவர்களிலே ஏழைகளுக்காக வாதாடும் நியூயார்க் வழக்கறிஞர்களும் இருந்தனர். சிறைக்குப் போவோர் பெரும்பாலும் கறுப்பரும் இலத்தீன் அமெரிக்கருமே என்பது அவர்கள் வாதம்.

நமக்கும் இந்த மணம் தெரியாததல்ல. 1878ஆம் ஆண்டு லிட்டன் ஆட்சியில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேண்டுமென்றது. வெள்ளையனுக்கு விலக்குத் தந்தது. அதனால்தான் 1931ஆம் ஆண்டு கராச்சிக் காங்கிரசு, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருத்தலைக் குடிமகனின் அடிப்படை உரிமைகளிலே ஒன்றாக எழுதிற்று.

விதிகளுக்கு உட்பட்டு! அதை மறவாதீர்கள். கட்டுப்பாடே கூடாதென்று நான் கூறவில்லை. துப்பாக்கி வாங்குவோனின் குற்றப் பின்னணியைப் பார்க்கட்டும். குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லட்டும். மனைவியை அடித்து மிரட்டுபவனிடமிருந்து பறிக்கட்டும். அது செல்லும் என்று 2024ஆம் ஆண்டு உச்சநீதிமன்றமே 8 பேர் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, குற்றம் காட்டிப் பறிப்பது வேறு. அதிகாரியின் முகக்குறிப்பைப் பார்த்து உரிமம் கிடைப்பது வேறு.

"பிரிட்டனைப் பார், ஆஸ்திரேலியாவைப் பார்" என்பார்கள். பார்த்தேன். அமெரிக்காவிலோ மக்கள் தொகையைவிடத் துப்பாக்கிகள் மிகுதி என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனையையும் பறிக்க வேண்டுமானால் வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். எந்தத் தெருவிலே முதலில் தட்டுவார்கள்? மாளிகைத் தெருவிலா, கறுப்பர் குடியிருப்பிலா? இதற்கு நேர்மையான விடை சொல்லிவிட்டு, பிறகு சட்டம் எழுதட்டும்.

தோழர்களே! ஆட்சியின் கையில் மட்டும் ஆயுதம் இருந்தால் போதும் என்று சொல்பவர், அந்த ஆட்சி என்றென்றும் நல்லதாகவே இருக்கும் என்று நம்புகிறார். 1865ஆம் ஆண்டு மிசிசிப்பியிலே வாழ்ந்த கறுப்பனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1956ஆம் ஆண்டு மாண்ட்கோமரியிலே வாழ்ந்த கிங்குக்கும் அதற்கு இடம் தரவில்லை. ஆகவே, எந்த நாட்டிலே எந்த உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தாலும், அது எவ்வளவு இனிய பெயர் தாங்கி வந்தாலும், கை தட்டுமுன் கேளுங்கள்: பறிப்பது யாரிடமிருந்து? பறிப்பவர் யார்?