நெளிஞ்ச செம்பு

(சித்தன்னவாசல் மலையடிவாரத்தில் தோழர்கள் கூடியபோது பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் பொத்திப் பொத்தி வச்சிருக்கிற பொருள் ஒன்றை எடுத்து வந்து அதைப் பத்திப் பேசச் சொன்னீங்க. நான் கொண்டு வந்திருக்கிறது இந்தப் பித்தளைச் செம்பு. என் அப்பாயியோடது. ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கு பாருங்க. எடைக்குப் போட்டா பெரிசா ஒண்ணும் தேறாது.

அப்பாயி பொறந்தது ராமநாதபுரத்துச் சீமை. 1930 டிசம்பரில் அந்தச் சீமையில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதை எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று.

அப்ப அப்பாயிக்கு எட்டு வயசு. அதோட ஆத்தா அறுப்புக் கூலி நெல்லைச் சிறுகச் சிறுகச் சேத்து, சந்தையில வாங்கின செம்பு இது. பகலெல்லாம் அடுக்குப்பானைக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும். ராத்திரி கதவைச் சாத்தின பிறகுதான் வெளிய வரும். ஆளுக்கு ஒரு வாய் குடிப்பாங்களாம்.

ஒருநாள் களத்துல நின்ன அய்யாவுக்குக் கஞ்சித்தண்ணி கொண்டு போன புள்ள, அவசரத்துல இதைத் தூக்கிட்டுப் போயிருச்சு. வழியில ஒருத்தன் கம்பால ஓங்கி அடிச்சான். செம்பும் நெளிஞ்சுது, கையும் முறிஞ்சுது. அந்த மணிக்கட்டு சாகுற வரைக்கும் கோணலாத்தான் இருந்துச்சு. வாக்கப்பட்டு இந்தப் பக்கம் வந்தப்ப, பழைய சேலையில சுத்திக் கொண்டு வந்த ஒரே சீர் இந்தச் செம்புதான்.

நான் முதல் சம்பளம் வாங்கினப்ப, “அப்பாயி, நெளிவை எடுத்துப் பளபளன்னு ஆக்கிட்டு வர்றேன்”னேன். அது கையை நீட்டுச்சு. “மொதல்ல இதை நிமித்துடா. அப்புறம் அதை நிமித்தலாம்”னுச்சு. அன்னைக்கு வச்சது வச்சபடி இருக்கு.

தோழர்களே, இந்த மலைமேல ஏழடிப்பட்டத்தில் ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சமணர் படுக்கைகள் இருக்கு. சொத்தே வேண்டாமென்று துறந்தவர்கள் படுத்த கல். எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி ஈதனுக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று அங்கே தமிழியில் வெட்டியிருக்கிறார்கள். யாருக்கு, யார் கொடுத்தது, எல்லாம் கல்லுல இருக்கு. அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனா துறக்கிறதுக்கும் கையில ஏதாச்சும் இருக்கணுமில்ல? எங்க ஆளுகளுக்கு ஒரு செம்பு வச்சுக்கவே உரிமை இல்ல. எங்க வீட்டுக்குன்னு கல்வெட்டும் கிடையாது. இந்த நெளிவுதான் எங்க எழுத்து.

பழங்கதை பேசுறான்னு நினைக்காதீங்க. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கு. தலித் மக்கள் குடிக்கிற தொட்டித் தண்ணியில மலம் கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரிய வந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அந்தப் பகுதி டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும் கண்டார்கள். யார் எந்தப் பாத்திரத்துல குடிக்கணும்கிற 1930-ஆம் வருசத்துத் தடை, தொண்ணூறு வருசம் தாண்டியும் டீக்கடையில உக்காந்திருந்துச்சு.

அதனால ஒண்ணு கேட்டுக்கிறேன். வீட்டுக்குப் போனதும் பரணைப் பாருங்க. தாத்தாவோட குடை, ஆத்தாவோட ரவிக்கை, மொதமொதல்ல வாங்கின செருப்பு, எது கிடந்தாலும் எடைக்குப் போட்டுறாதீங்க. இது எப்படி வந்துச்சு, யாருக்கிட்ட அடி வாங்கி வந்துச்சுன்னு பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க. ஹட்டன் தடைகளை எழுதினார். அதை மீறினவங்க கதையை நாமதான் எழுதணும்.

செம்புல தண்ணி இருக்கு. நல்ல வெயில் நேரம், வெட்டவெளி. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டுக் கைமாத்தி விடுங்க.