தானியம் பெருகுவது எப்படி?
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூல் இழைக்கும் கைக்கும், நாற்றுப் பறிக்கும் கைக்கும் பொழுது சாய்ந்தால் வேண்டியது ஒன்றுதான்: சோறு. அந்தத் தானியம் ஓரிடத்தில் மலையாகக் குவிகிறது. இன்னோரிடத்தில் மெல்லத்தான் பெருகுகிறது. "பஞ்சாபி பாடுபடுகிறான், நம் ஆள் சோம்பேறி" என்று திண்ணையில் பேசுவோர் உண்டு. உண்மை அதுவா? பார்ப்போம்.

1960ல் சர்க்கார் தீவிர விவசாயத் திட்டத்தைத் துவக்கியது. முதலில் பொறுக்கி எடுத்த 7 ஜில்லாக்களில் பஞ்சாபின் லூதியானாவும் உண்டு. நமது தஞ்சையும் உண்டு. விதை, உரம், கடன் எல்லாம் இரண்டுக்கும்தான். பலன் ஒன்றாக இருந்ததா? இல்லை.

1964-65ல் இந்தியாவில் விளைந்த கோதுமை சுமார் 1 கோடி 23 லட்சம் டன். 1970-71ல் அது 2 கோடி 38 லட்சம் டன்! அதே காலத்தில் அரிசியோ 3 கோடி 93 லட்சம் டன்னிலிருந்து 4 கோடி 22 லட்சம் டன்னுக்குத்தான் ஏறியது.

காரணம் என்ன? முதலாவது, தண்ணீர். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை வந்தது. அதற்கு வேளை தவறாமல் அளந்து நீர் பாய்ச்ச வேண்டும். லூதியானா விவசாயி குழாய்க் கிணறு இறைத்தான். நீர் அவன் கையில் இருந்தது. தஞ்சையிலோ மேட்டூர் திறந்தால்தான் குறுவை. ஐப்பசி மழை கொட்டினால் வடிகால் இல்லாத வயல் முழுகும். குட்டை நெல் அழுகும். கடலோரத்தில் தோண்டினால் உப்பு நீர்.

இரண்டாவது, நிலம். பஞ்சாபில் சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்துக் கொடுத்தார்கள். தன் நிலத்தில் தானே உழுதவர் அங்கே ஏராளம். தஞ்சையில் நிலம் மிராசுதாரிடம், உழைப்பு குத்தகைதாரனிடமும் பண்ணையாளிடமும். நஞ்சைக் குத்தகை விளைச்சலில் 40 சதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1956ல் சட்டமே போட வேண்டியிருந்தது. விளைவதில் பெரும்பங்கு அடுத்தவன் களஞ்சியத்துக்குப் போனால், கடன் பட்டு உரம் போட எவன் துணிவான்?

கொள்முதல் இல்லாத குறையா? அதுவுமில்லை. 1965ல் இந்திய உணவுக் கழகத்தின் முதல் ஜில்லா அலுவலகமே தஞ்சையில்தான் திறந்தது.

இன்னொன்றும் மறக்கலாகாது. விளைச்சல் ஏறினால் கூலி தானாக ஏறாது. கூடுதல் நெற்கூலி கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் தீக்கிரையாயின.

பஞ்சாபின் கதையும் முழு வெற்றி அல்ல. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனதால், நெல்லை முன்கூட்டி நடக்கூடாது என்று 2009ல் அங்கே சட்டம் வந்தது.

1950-51ல் நாட்டின் உணவுதானியம் சுமார் 5 கோடி டன். 2020-21ல் 31 கோடி டன். பெருக்கியது நம் கைகள். ஆகவே டன் கணக்கை யார் வாசித்தாலும் நாம் மூன்று கேள்வி கேட்போம்: தண்ணீர் யார் கையில்? நிலம் யார் கையில்? களத்தில் மரக்கால் அளக்கும்போது உழைத்தவன் பங்கு எவ்வளவு?