பிரசவகால அபாயமும் சங்கத்தாரின் கடமையும்



இக்கரையில் முத்துக்குளிப்பு நடந்துவந்த காலத்தில், கடலடியில் மூழ்கியவன் கயிற்றை அசைத்தால், தோணியில் கயிறு பிடித்திருப்பவன் அக்கணமே அவனை மேலே இழுத்தான். யோசித்து நிற்க அவகாசமில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றதாயினும், அந்தப் பழக்கம் பிரசவ காலத்துக்கு மிகவும் வேண்டுவதாகும். குழந்தை பிறந்தபின் பெருகும் உதிரம் இரண்டே மணி நேரத்தில் தாயின் உயிரைப் போக்கிவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2001–03 ஆண்டுகளில், உயிருடன் பிறந்த லட்சம் சிசுக்களுக்கு 134 தாய்மார் மாண்டனர். 2018–20 ஆண்டுகளில் இத்தொகை 54 ஆகக் குறைந்தது. 1994 முதல் தாய்மார் மரணங்களை விசாரித்து வந்ததும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் நர்சுகள் இருக்க ஏற்பாடு செய்ததும், 2008-இல் தொடங்கிய 108 வண்டியும் இதற்குத் துணைசெய்தன. எனினும், அந்த 54 பேரும் ஒவ்வொரு குடும்பத்தின் தாயாவர்.

நர்ஸ் அறிந்திருக்கவேண்டிய காரியங்கள் சிலவே. குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி போடவேண்டும். அம்மருந்தைக் குளிர்ச்சியில் வைத்துக் காக்கவேண்டும். வலிப்புக் கண்டால் மக்னீசியம் சல்பேட்டின் முதல் வேளையைக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். அழாத சிசுவை உலரத் துடைத்து, முதுகைத் தேய்த்து, அப்போதும் மூச்சு வராவிடில் முதல் நிமிஷத்திலேயே பையும் முகமூடியும் கொண்டு காற்றூட்டவேண்டும்.

இவற்றை ஒருமுறை கற்றால் மட்டும் போதாது. சிறு நிலையத்தில் இத்தகைய அபாயம் எப்போதோ ஒருமுறை நேருவதால், கை பழக்கத்தை மறந்துவிடுகிறது. தான்சானியா தேசத்தில் ஹைடம் என்னும் நாட்டுப்புற ஆஸ்பத்திரியில் ஒருநாள் பயிற்சி அளித்தபின், ஊழியர் பொம்மையின்மேல் நன்றாகச் செய்து காட்டினர். பிரசவ அறையில் மாறுதல் காணவில்லை. பிறகு, வேலை செய்யும் இடத்திலேயே சில நிமிஷப் பயிற்சியை அடிக்கடி நடத்தியபோது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் சிசுக்கள் குறைந்தன. ஆகவே, நமது நிலையங்களிலும் இத்தகைய ஒத்திகை இடைவிடாது நடைபெறவேண்டுமென்று கேட்பது அங்கத்தினர்க்கு உரியதே.

நர்ஸ் எவ்வளவு தேர்ந்தவளாயினும், தாய் அவளிடம் வந்து சேராவிட்டால் பயனில்லை. தாமதம் மூவகையென 1994-இல் தாடியஸ், மெயின் என்னும் இரு ஆராய்ச்சியாளர் வகுத்தனர்: தீர்மானிப்பதில் தாமதம், போய்ச்சேருவதில் தாமதம், சென்ற இடத்தில் சிகிச்சை பெறுவதில் தாமதம். முதலிரண்டும் பெரும்பாலும் கிராமத்தார் கையில் உள்ளவை. ஆடவர் கடல்மேல் தங்கித் தொழில் செய்யும் ஊர்களில், “வீட்டுக்காரர் வரட்டும்” என்று காத்திருத்தல் பெருங்கேடாகும். எட்டாம் மாதத்திலேயே அவரது சம்மதத்தைப் பெற்று, மாமியாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிவைத்தல் நலம்.

வேம்பார் முதல் பெரியதாழை வரையுள்ள ஒவ்வொரு சங்கமும் வரும் கூட்டத்தில் நான்கு காரியங்களைத் தீர்மானிக்கலாம். முதலாவது, 108 வண்டி வரத் தாமதித்தால் உதவும் வண்டி எதுவென்று குறித்தல். இரண்டாவது, இரத்தம் கொடுக்க இசைந்தவர்களின் பெயரையும் இரத்தப் பிரிவையும் எழுதிவைத்தல். மூன்றாவது, விதிகளுக்கு இணங்கப் பொதுநல நிதியில் அவசரச் செலவுக்கு வழிசெய்தல். நான்காவது, உதிரப்பெருக்கு, வலிப்பு, கடுந்தலைவலி, ஜுரம், சிசு பால் குடியாமை ஆகிய அபாயக் குறிகளை வீடுதோறும் அறிவித்தல்.

பயிர்க்கடனுக்கும் வலைக்கடனுக்கும் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் அங்கத்தினர், அண்டை வீட்டுத் தாயின் உயிருக்கும் அவ்வாறே பொறுப்பேற்பாராக.